இந்த எஸ்ஐபி மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி இல்ல: ஆபீஸ் கால் கட் ஆகுதுன்னு பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ரவுட்டரைப் பாருங்க



நம்ம பக்கத்துல எஸ்ஐபி-ன்னு சொன்னாலே மாசா மாசம் 5-ம் தேதி அக்கவுண்ட்ல இருந்து போற பணம்தான் ஞாபகம் வரும். இன்னைக்குப் பேசப்போற எஸ்ஐபி வேற. இன்டர்நெட் வழியா போன் பேசும்போது, மணி அடிக்க வைக்கிறது, எடுத்தாச்சுன்னு சொல்றது, வச்சாச்சுன்னு சொல்றது, இதையெல்லாம் பார்த்துக்கற ஒரு விதிமுறைக்கும் அதே பேர்தான். செஷன் இனிஷியேஷன் ப்ரோட்டோகால். இது தெரியாததால என் பாக்கெட்ல இருந்து மூணு மாசத்துல 6,762 ரூபாய் போச்சு. அதனால இதுவும் பர்சனல் ஃபைனான்ஸ் பதிவுதான்!

கணக்கை முதல்லயே சொல்லிடறேன். அப்போ நான் ஒரு கஸ்டமர் சப்போர்ட் டீம்ல வீட்டுல இருந்து வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். லேப்டாப்ல ஒரு சாஃப்ட்போன் ஆப், காதுல ஹெட்செட், நாள் முழுக்க கால். திடீர்னு ஒரு வாரம் கால் எல்லாம் பாதியில கட் ஆக ஆரம்பிச்சது. டீம் லீட் ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துட்டு, “என்னப்பா, கஸ்டமர் பேசிக்கிட்டே இருக்கும்போது வச்சுடறியாம்?”னு கேட்டார். நெட் கம்பெனிக்கு போன் பண்ணினா, “சார், உங்க லைன்ல ஸ்பீடு ஃபுல்லா வருது. வேணும்னா அடுத்த பிளானுக்கு மாறிப் பாருங்க”ன்னாங்க. மாறினேன். மாசம் 300 ரூபாய் அதிகம், 18% ஜிஎஸ்டி சேர்த்து 354. மூணு மாசத்துக்கு 1,062. அதுலயும் சரியாகலன்னு 3,200 ரூபாய்க்குப் புது ரவுட்டர் ஒண்ணு வாங்கி மாட்டினேன். இன்னும் மோசமாச்சு. அந்த மாசம் கால் குவாலிட்டி ஸ்கோர் இறங்கினதால 2,500 ரூபாய் இன்சென்டிவ் போச்சு. கூட்டிப் பாருங்க.

கடைசியில சரி பண்ணினது ஒரே ஒரு டிக். ஒரு செட்டிங்கை ஆஃப் பண்ணினேன், அவ்வளவுதான். செலவு பூஜ்யம்.

ஒரு காலுக்கு எவ்வளவு ஸ்பீடு வேணும்?

முதல்ல இதைத் தெரிஞ்சுக்கிட்டா, அந்த பிளான் அப்கிரேட் எவ்வளவு வீண்னு உங்களுக்கே புரியும். இன்டர்நெட் போன்ல ரொம்ப நாளா இருக்கற ஜி.711-ங்கற முறையில குரலுக்கு மட்டும் நொடிக்கு 64 கிலோபிட் போகும். அதைச் சின்னச் சின்னப் பொட்டலங்களா, 20 மில்லிசெகண்டுக்கு ஒண்ணுன்னு நொடிக்கு 50 அனுப்புவாங்க. ஒவ்வொண்ணு மேலயும் முகவரி எழுதற இடத்தையும் சேர்த்தா, ஒரு திசைக்கு 90 கிலோபிட்டுக்குள்ள முடிஞ்சுடும். 100 எம்பிபிஎஸ் லைன்ல கணக்குப் பார்த்தா ஆயிரம் பேர் ஒரே நேரத்துல பேசலாம். ஆனா பேசறது நீங்க ஒருத்தர்! அப்புறம் 200 எம்பிபிஎஸ் எதுக்கு?

காலுக்கு முக்கியம் வேகத்தைவிட நேரம். அந்த 50 பொட்டலமும் சரியான இடைவெளியில, ஒண்ணு விடாம, தாமதம் இல்லாம வரணும். ஒருத்தர் பேசறது அடுத்தவர் காதுக்குப் போக 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா பேச்சு இயல்பா இருக்கும்னு ஐடியு-ங்கற சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு சொல்லுது. அதைத் தாண்டத் தாண்ட ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி முட்டிக்க ஆரம்பிப்பீங்க. ஸ்பீடு டெஸ்ட் ஆப்ல பெருசா காட்டற நம்பர் இதைப் பத்தி எதுவும் சொல்லாது.

எத்தனாவது செகண்ட்ல கட் ஆகுது?

எங்க ஆபீஸ் ஐடி டீம்ல இருந்த ஒரு அக்காதான் இந்தக் கேள்வியைக் கேட்டாங்க. “தம்பி, கால் ஹிஸ்டரி திறந்து, கட் ஆன கால் எல்லாம் எத்தனை செகண்ட் ஓடியிருக்குன்னு மட்டும் படி.” படிச்சேன். 32, 32, 33, 32. எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. மூணு மாசமா தினம் பார்த்த லிஸ்ட்தான், ஒரு தடவைகூட அந்த நம்பரைக் கவனிக்கல.

அந்த 32 தற்செயல் இல்ல. நீங்க கால் பண்றீங்க, எதிர்ல எடுக்கறாங்க. “எடுத்தாச்சு”ன்னு சர்வர் உங்களுக்கு ஒரு தகவல் அனுப்பும். “சரி, கிடைச்சுது”ன்னு உங்க ஆப் பதில் அனுப்பணும். அந்த பதில் போய்ச் சேரலன்னா சர்வர் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். 32 செகண்ட் ஆகியும் பதில் இல்லன்னா லைனைத் துண்டிச்சுடும். எஸ்ஐபி விதியில 2002-லேயே எழுதி வச்ச கணக்கு இது. இதுல குழப்பற விஷயம், அந்த 32 செகண்டும் குரல் நல்லாவே கேட்கும். ஏன்னா குரல் போற பாதை வேற, இந்தத் தகவல் போற பாதை வேற. அதனாலதான் நெட்ல பிரச்சினைன்னு நமக்குத் தோணாது, ஆப்பைத் திட்டுவோம்.

சரி, அந்த பதில் ஏன் போய்ச் சேரல? இங்கதான் ரவுட்டர் வருது.

உங்க வீட்டு ரவுட்டரை ஒரு அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்னு வச்சுக்கோங்க. வெளியுலகத்துக்கு மொத்த அபார்ட்மெண்ட்டுக்கும் ஒரே முகவரிதான். உள்ள இருக்கற லேப்டாப், போன், டிவிக்கெல்லாம் 192.168-னு ஆரம்பிக்கற வீட்டு எண். வெளிய போற கவர் மேல இருக்கற வீட்டு எண்ணை அழிச்சு அபார்ட்மெண்ட் முகவரியை எழுதறது வாட்ச்மேன் வேலை. பதில் வந்தா யார் வீட்டுக்குன்னு பார்த்துக் கொடுப்பார். இதுக்குப் பேர் நாட்.

எஸ்ஐபி-யில ஒரு சிக்கல் உண்டு. கவர் மேல மட்டும் இல்லாம, உள்ள இருக்கற கடிதத்துலயும் முகவரி எழுதியிருக்கும். பழைய காலத்து போன்களுக்கு வெளி முகவரி தெரியாது, வீட்டு எண்ணையே உள்ள எழுதிடும். பதில் எழுதறவங்க அந்த எண்ணுக்கு அனுப்பினா எங்க போகும்? அதனால ரவுட்டர் கம்பெனிக்காரங்க ஒரு உதவி செஞ்சாங்க. வாட்ச்மேனே கவரைப் பிரிச்சு, உள்ள இருக்கற முகவரியையும் திருத்தி அனுப்பற மாதிரி ஒரு வசதி. அதுதான் எஸ்ஐபி ஏஎல்ஜி.

நல்ல எண்ணம்தான். ஆனா இப்போ இருக்கற சாஃப்ட்போன்களும் சர்வர்களும் நாட்டைத் தாங்களாவே சமாளிச்சுக்கும். ஆப் ஏற்கனவே சரியா எழுதின கடிதத்தை வாட்ச்மேன் பிரிச்சு ‘திருத்தும்போது’ சில நேரம் பாதியை மட்டும் மாத்திடுவார், சில நேரம் போர்ட் எண்ணைத் தப்பா எழுதிடுவார். பதில் எங்கயோ போகும். இந்த வசதி பல ரவுட்டர்கள்ல வாங்கும்போதே ஆன்ல இருக்கும். இன்டர்நெட் போன் சேவை தர்ற கம்பெனிகள் பலதும் தங்களோட உதவிப் பக்கத்துல இதை ஆஃப் பண்ணச் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

எனக்குப் பிரச்சினை ஆரம்பிச்ச வாரம் என்ன நடந்துச்சுன்னு அப்புறம்தான் யோசிச்சேன். இடி மழையில பழைய ஃபைபர் பாக்ஸ் போயி, நெட் கம்பெனிக்காரர் வேற பாக்ஸ் மாத்திட்டுப் போயிருந்தார். புது பாக்ஸ்ல ஏஎல்ஜி ஆன். நான் 3,200 ரூபாய்க்கு வாங்கின ரவுட்டரை அந்த பாக்ஸுக்குப் பின்னாடிதானே மாட்டினேன்! கெட்ட வாட்ச்மேன் வாசல்லயே இருக்கார், நான் உள்ள இன்னொரு வாட்ச்மேனைச் சம்பளத்துக்கு வச்சிருக்கேன். சரியாகுமா?

உங்க வீட்டுல என்ன பிரச்சினைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ரவுட்டர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் செலவு பண்ணுங்க. முதல்ல லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்ல போட்டு ஆபீஸ் ஆப்ல ரெண்டு கால் பேசுங்க. அதுலயும் கட் ஆனா ரவுட்டர் பாவம், அதை விட்டுடுங்க, ஐடி டீம்கிட்ட பேசுங்க. ஹாட்ஸ்பாட்ல நல்லா இருந்து வீட்டு வைஃபைல மட்டும் சொதப்பினா அடுத்த சோதனை: அதே வைஃபைல வாட்ஸ்அப் கால் ஒண்ணு அஞ்சு நிமிஷம் பேசுங்க. வாட்ஸ்அப் நல்லா இருக்கு, சாஃப்ட்போன் மட்டும் கட் ஆகுதுன்னா, சந்தேகம் நேரா ஏஎல்ஜி மேலதான். வாட்ஸ்அப்போட கடிதம் எல்லாம் பூட்டின பெட்டியில போறதால வாட்ச்மேனால பிரிக்க முடியாது. ரெண்டுமே திக்குதுன்னா ஏஎல்ஜி காரணம் இல்ல, வைஃபையோ நெரிசலோதான். அதுக்குக் கீழ வர்றேன்.

32 செகண்ட் தவிர வேற அடையாளங்களும் உண்டு. நீங்க பேசறது அவங்களுக்குக் கேட்குது, அவங்க பேசறது உங்களுக்குக் கேட்கல (அல்லது மாத்தி) அப்படின்னா குரல் பொட்டலங்களுக்குத் தப்பான முகவரி போயிருக்கு, பெரும்பாலும் இதே ஆள் வேலை. சில கால் மட்டும் 15 நிமிஷம் தாண்டினதும், இல்ல அரை மணி நேரம் ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கட் ஆகுதுன்னா, நடுவுல “இன்னும் லைன்ல இருக்கீங்களா?”ன்னு சர்வரும் ஆப்பும் கேட்டுக்கற தகவல் தொலைஞ்சுபோகுதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, நீங்க கால் பண்ணினா போகுது, உங்களுக்கு வர்ற கால் மட்டும் மணியே அடிக்காம மிஸ்டு கால் ஆகுது. கொஞ்ச நேரம் உங்க பக்கத்துல இருந்து எதுவும் போகலன்னா, இந்த வீட்டுக்குத்தான் கடிதம் வரும்ங்கறதை வாட்ச்மேன் மறந்துடுவார். சில ரவுட்டர்ல அரை நிமிஷத்துலயே மறந்துபோகும். ஆப் செட்டிங்ஸ்ல கீப் அலைவ்-னு இருந்தா 15 அல்லது 20 செகண்ட்னு வச்சுடுங்க.

ஆஃப் பண்றது எப்படி?

வீடியோல ஸ்கிரீன் காமிச்சே செஞ்சிருக்கேன், இங்க சுருக்கமா சொல்றேன். பிரவுசர்ல 192.168.1.1 அல்லது 192.168.0.1 போட்டா ரவுட்டர் பக்கம் திறக்கும். எது உங்களுதுன்னு பாக்ஸுக்கு அடியில ஸ்டிக்கர்லயே இருக்கும், பாஸ்வேர்டும் அங்கயே. உள்ள போனதும் எதையும் மாத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் மொபைல்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

நெட்கியர் ரவுட்டர்ல வேன் செட்டப் பக்கத்துலயே ‘டிஸேபிள் எஸ்ஐபி ஏஎல்ஜி’ன்னு டிக் பாக்ஸ் இருக்கும். இதுல மட்டும் டிக் பண்ணினாதான் ஆஃப், கவனம்! டிபி-லிங்க்ல அட்வான்ஸ்டு போயி நாட் ஃபார்வர்டிங் கீழ ஏஎல்ஜி. ஏசஸ்ல வேன் பகுதியில நாட் பாஸ்த்ரூ, அதுல எஸ்ஐபி பாஸ்த்ரூ. நெட் கம்பெனி கொடுக்கற ஃபைபர் பாக்ஸ்ல ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு இடம். அப்ளிகேஷன், செக்யூரிட்டி, நாட்-னு இருக்கற மெனுக்களுக்குள்ள தேடுங்க. பக்கத்துலயே ஐபிசெக் பாஸ்த்ரூன்னு ஒண்ணு இருக்கலாம். அதைத் தொடாதீங்க. ஆபீஸ் விபிஎன் பலதும், மொபைல் வைஃபை காலிங்கும் அந்த வழியாத்தான் போகுது. ஆஃப் பண்ணினதும் ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க, சாஃப்ட்போன் ஆப்பை மூடித் திறங்க. அந்த பாக்ஸ்லயே லேண்ட்லைன் போன் மாட்டியிருந்தா ரிசீவரை எடுத்து டயல் டோன் வருதான்னும் பார்த்துடுங்க, அப்பா அம்மா நம்பரா இருக்கும்.

சில பாக்ஸ்ல இந்த மெனுவையே பூட்டி வச்சிருப்பாங்க. அப்போ கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி, “நெட் ஸ்லோ”ன்னு சொல்லாதீங்க. “எஸ்ஐபி ஏஎல்ஜி-யை டிஸேபிள் பண்ணுங்க”ன்னு அதே வார்த்தையில சொல்லுங்க. பல பாக்ஸை அவங்க இடத்துல இருந்தே மாத்த முடியும், ஆள் வர வேண்டியதில்ல. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கோங்க. தீர்வு கிடைக்கலன்னா அதே கம்பெனியோட அப்பெல்லேட் அத்தாரிட்டிக்கு மேல்முறையீடு செய்ய ட்ராயோட 2012 விதிமுறையில வழி இருக்கு, அதுக்கு அந்த எண் வேணும்.

அதுவும் நடக்கலன்னா, ஐடி டீம்கிட்ட சாஃப்ட்போனை டிஎல்எஸ்-க்கு மாத்தித் தர முடியுமான்னு கேளுங்க. கடிதம் பூட்டின பெட்டிக்குள்ள போயிடும், வாட்ச்மேன் என்ன பண்ணினாலும் பிரிக்க முடியாது. வாட்ஸ்அப் தப்பிக்கற அதே வழி.

ஒண்ணு மட்டும் வேண்டாம். சில வீடியோல “டிஎம்இசட் ஆன் பண்ணுங்க, 5060 போர்ட்டைத் திறந்து விடுங்க”ன்னு சொல்வாங்க. வீட்டுல இருந்து பேசற சாஃப்ட்போனுக்கு அது தேவையே இல்ல. திறந்து கிடக்கற 5060 போர்ட்டைத் தேடித் திரியறதுக்குன்னே ஆட்கள் இருக்காங்க. உள்ள புகுந்து அடுத்தவன் கணக்குல வெளிநாட்டு கால் போடறது அவங்க தொழில்.

ரெண்டு ஆப்பும் திக்கினா?

குரல் ரோபோ மாதிரி உடையுது, நடுநடுவுல வார்த்தை காணாமப் போகுதுன்னா, முதல்ல லேன் கேபிள் ஒண்ணு மாட்டிப் பேசுங்க. சில நூறு ரூபாய்தான், புது ரவுட்டரைவிட மலிவு. கேபிள்ல சரியா இருந்தா பிரச்சினை வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், மைக்ரோவேவ் அவன், உங்க புளூடூத் ஹெட்செட் எல்லாம் ஒரே ரோட்டுல ஓடுது. லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க.

கேபிள்லயும் திக்கினா நெரிசல். இதுக்கு அருமையான ஒரு சோதனை இருக்கு. கமாண்ட் ப்ராம்ப்ட்ல 8.8.8.8-க்கு பிங் ஓட விடுங்க. பின்னாடி ஹைஃபன் டி சேர்த்தா நிக்காம ஓடும். சும்மா இருக்கும்போது 10, 20 மில்லிசெகண்ட்னு வரும். இப்போ மொபைல்ல இருந்து ஒரு பெரிய வீடியோவை கிளவுட்ல ஏத்துங்க. பிங் 300, 500-னு எகிறுதா? பிடிச்சாச்சு. ரவுட்டர் எந்தப் பொட்டலத்தையும் விடாம எல்லாத்தையும் வரிசையில நிறுத்துது. உங்க குரல் அந்த வரிசைக்குக் கடைசியில நிக்குது. பஃபர்ப்ளோட்னு இதுக்குப் பேர். அப்லோட் வேகம் குறைவா இருக்கற லைன்ல, முக்கியமா 5ஜி சிக்னல்ல ஓடற வீட்டு ரவுட்டர்ல, இது சுலபமா வரும்.

எங்க வீட்டுல இதுவும் இருந்துச்சு. தம்பி காலேஜ் டூர் போயிட்டு வந்து போட்டோ எல்லாம் பேக்கப் ஆகற ரெண்டு நாளும் என் கால் திக்கிக்கிட்டே இருந்துச்சு. வேலை நேரத்துல அதை நிறுத்தச் சொன்னா போதும். உங்க லேப்டாப்ல ஒன்டிரைவ் ஓடுதுன்னா அதை 2, 8 அல்லது 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். நிரந்தரத் தீர்வு வேணும்னா ரவுட்டர்ல க்யூஓஎஸ் அல்லது பேண்ட்வித் கண்ட்ரோல் பகுதிக்குப் போயி, அப்லோட் வரம்பை உங்களுக்கு நிஜமா கிடைக்கற வேகத்துல 90% அளவுக்கு வைங்க. லேசா ஸ்பீடை விட்டுக்கொடுத்தா வரிசை நீளாது.

புது ரவுட்டர் எப்போ வாங்கலாம்?

ஏஎல்ஜி-யை ஆஃப் பண்ண வழியே இல்ல, நெட் கம்பெனியும் கைவிரிச்சாச்சு, டிஎல்எஸ்-உம் கிடையாது, அப்போ வாங்குங்க. 2.4 மட்டும் இருக்கற பழைய ரவுட்டர்னாலும் வாங்கலாம். ஆனா வாங்கினா நெட் கம்பெனி பாக்ஸை பிரிட்ஜ் மோடுக்கு மாத்தச் சொல்லுங்க. இல்லன்னா என்னை மாதிரி ரெண்டு வாட்ச்மேன் கதைதான். மாறிடுச்சான்னு சோதிக்க, புது ரவுட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்துல வேன் ஐபி பாருங்க. 192.168-னு ஆரம்பிச்சா இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. 100.64 முதல் 100.127 வரைக்குள்ள ஆரம்பிச்சா, நெட் கம்பெனியே ஒரு பெரிய வாட்ச்மேன் வச்சிருக்குன்னு அர்த்தம். அது உங்க தப்பு இல்ல, சாஃப்ட்போனுக்கு அது பெரும்பாலும் தொந்தரவும் இல்ல.

ரீசெட் பட்டனை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீங்க. நெட் கம்பெனி கொடுத்த யூசர்நேம் பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சுபோயி, மொத்த நெட்டும் நின்னு, ஆள் வர்ற வரைக்கும் அன்னைக்கு லீவு போட வேண்டியதுதான்.

நான் அடுத்த பில்லுக்கே பழைய பிளானுக்குத் திரும்பிட்டேன். கவனிக்காம விட்டிருந்தா அந்த 354 ரூபாய் வருஷத்துக்கு 4,248 ஆகியிருக்கும். 3,200 ரூபாய் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுல போட்டு பின் ரூம்ல வச்சிருக்கேன், அங்க இப்போ சிக்னல் நல்லா வருது. அஞ்சு மாசம் கழிச்சு ஒரு நாள் திரும்பவும் 32-வது செகண்ட்ல ஒரு கால் கட் ஆச்சு. பதறல, ரவுட்டர் பக்கத்தைத் திறந்தேன். ராத்திரி ஃபர்ம்வேர் அப்டேட் ஆகியிருந்துச்சு, ஏஎல்ஜி தானா ஆன் ஆகியிருந்துச்சு. மொபைல்ல இருந்த போட்டோவைப் பார்த்து அதே டிக்கை எடுத்தேன், அடுத்த கஸ்டமர் லைன்ல வர்றதுக்குள்ள முடிஞ்சுது.